'வேணும்'ங்கற ஒரே வார்த்தைக்குள்ள தேவையும் இருக்கு ஆசையும் இருக்கு, சின்னப் பிள்ளைக்கு அதை எப்படி பிரிச்சுக் காட்டறது?

கேள்வி கேட்டவங்க சொன்னது இதுதான். யுகேஜி படிக்கிற அஞ்சு வயசுப் பொண்ணு, மூணு வயசுப் பையன், கடைக்குள்ள கால் வச்சாலே 'அது வேணும் இது வேணும்'னு ரெண்டும் தரையில உருளுது. ஸ்கூல்ல 'தேவை எது ஆசை எது'ன்னு வொர்க் ஷீட் குடுத்திருக்காங்க, பொண்ணு வீடு, சாப்பாடு, தண்ணி, போன் நாலுக்கும் தேவைன்னு வட்டம் போட்டிருக்கா, மிஸ் போன் மேல மட்டும் சிவப்புல பெருக்கல் குறி போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. தாத்தா வேற கேக்கறதெல்லாம் வாங்கித் தர்றாரு. இதை எப்படித்தான் புரிய வைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் திருச்சில 17 வருஷம் எல்கேஜி யுகேஜி பிள்ளைங்களுக்கு மிஸ்ஸா இருந்தேன், இப்ப விட்டாச்சு, சொந்தமா ரெண்டு பெத்து வளத்தும் ஆச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. இங்கிலீஷ்ல ஆசைக்கு ஒரு வார்த்தை தேவைக்கு ஒரு வார்த்தைன்னு வாய்ப்பேச்சிலயே தனித்தனியா இருக்கு. நம்ம பேச்சுல தண்ணி வேணும், அம்மா வேணும், அந்த லைட் எரியற ஷூ வேணும், எல்லாமே வேணும்தான். நாமளே 'நான் கெளம்பணும்'னு சொன்னா ஆசைப்பட்டு கெளம்பறோமா வேற வழியில்லாம கெளம்பறோமான்னு மொகத்த பாத்துதான் கண்டுபிடிக்கணும். அப்படி இருக்கும்போது அஞ்சு வயசுப் பிள்ளை ரெண்டையும் ஒரே மாதிரி, ஒரே சத்தத்துல கேக்குதுன்னா அது அடங்காப்பிடாரித்தனம் இல்லைங்க. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்'னு பழமொழி வச்சிருக்கறதே நாமதான், பாலுக்கு வேலை செஞ்ச அதே அழுகைய பிள்ளை ஷூவுக்கும் போட்டுப் பாக்குது, அவ்வளவுதான்.

'தேவை'ங்கறது அந்த வயசுக்கு புக்குல வர்ற வார்த்தை, வீட்ல யாரும் 'எனக்கு தண்ணீர் தேவை'ன்னு பேசறது இல்ல. அதனால நான் கிளாஸ்ல அந்த வார்த்தைய விட்டுட்டு வேற ரெண்டு வச்சுக்கிட்டேன், 'இல்லாட்டி கஷ்டம்', 'இருந்தா ஜாலி'. இது ரெண்டும் பிள்ளைங்க வாயில உடனே ஒட்டிக்கிச்சு. இன்னொரு வசதி, 'இருந்தா ஜாலி'ங்கறதுல திட்டு இல்ல. நாம ஆசைன்னு சொல்லும்போதே 'பேராசை'ங்கற வாசனை சேந்து அடிக்கும், பிள்ளைக்கு ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கும். ஜாலிக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

இதை வச்சு ஒரு வெளையாட்டு, பஸ்ல போகும்போது, சோறு ஊட்டும்போது எப்ப வேணா ஆடலாம். 'இல்லாட்டி என்ன ஆகும்?' அவ்வளவுதான் வெளையாட்டு. தண்ணி இல்லாட்டி என்ன ஆகும்? தாகம் எடுக்கும். அப்புறம்? தலை சுத்தும். அப்புறம்? ஆஸ்பத்திரிக்கு போகணும், ஊசி. சரி, ஸ்டிக்கர் இல்லாட்டி என்ன ஆகும்? ஒரு பையன் சொன்னான் 'அழுவேன் மிஸ்'. அப்புறம்? 'இன்னும் அழுவேன்'. அப்புறம்? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு 'தூங்கிடுவேன்'. மொத்த கிளாஸும் சிரிச்சுது, அவனும் சிரிச்சான். சில பொருளுக்கு 'அப்புறம் அப்புறம்'னு கேட்டுட்டே போனா கஷ்டம் பெருசாகிட்டே போகும், சிலதுக்கு ரெண்டாவது 'அப்புறம்'லயே புஸ்ஸுன்னு போயிடும். இதை பிள்ளை தானா கண்டுபிடிக்கணும், நீங்க விடைய முன்னாடியே சொல்லிடாதீங்க.

எங்க ஊர்ப்பக்கம் இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு, 1982 ஜூலை 1ல எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்த தொடங்கி வச்சது திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சிலதான். சோறு இல்லாட்டி என்ன ஆகும்? பிள்ளைக்கு பசிக்கும். அப்புறம்? பாடம் ஏறாது. அப்புறம்? ஸ்கூலுக்கே வராது. அதே வெளையாட்டுதான், பெரியவங்க ஆடினது. யுகேஜி பிள்ளைக்கு எம்ஜிஆர் எல்லாம் வேணாம், ஆனா அரசு ஸ்கூல்ல படிக்கிற அக்கா அண்ணனுக்கு ஏன் மதியம் சோறும் முட்டையும் குடுக்கறாங்க, ஏன் சாக்லேட் குடுக்கல அப்படின்னு கேட்டுப் பாருங்க, நல்லா பேசும்.

சரி, உங்க பொண்ணோட வொர்க் ஷீட்டுக்கு வர்றேன். என்னைக் கேட்டா அவ போட்ட வட்டம் சரிதாங்க. வீட்ல அவ பாக்கறது என்ன? அம்மா ஆபீஸ் வேலை போன்ல, கேஸ் புக் பண்றது போன்ல, ஸ்கூல் ஹோம்வொர்க் வர்றது போன்ல, கரண்ட் பில் போன்ல. இல்லாட்டி கஷ்டம்தானே? அந்த மிஸ்ஸ நான் குறை சொல்லல, ஒரு கிளாஸ்ல 40 பிள்ளைய வச்சுக்கிட்டு அச்சடிச்சு வந்த விடைப்படி திருத்தறாங்க, நானும் அப்படித்தான் பல வருஷம் திருத்தினேன். ஆனா பொருளப் பாத்து இது தேவை இது ஆசைன்னு முத்திரை குத்தவே முடியாது, யாருக்கு எப்பங்கறதுதான் கணக்கு. அரசு பள்ளில பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு விலையில்லா சைக்கிள் தர்றாங்கல்ல, ஏன்னா தூரத்து ஊர்லேர்ந்து வர்ற பொண்ணுக்கு சைக்கிள் இல்லாட்டி படிப்பே நின்னுடும். அதே சைக்கிள் உங்க மூணு வயசுப் பையனுக்கு வாசல்ல சுத்தறதுக்கு. பொருள் ஒண்ணுதான். அதனால பொண்ணுகிட்ட 'போன் அம்மாவுக்கு இல்லாட்டி கஷ்டம், உனக்கு இருந்தா ஜாலி'ன்னு பிரிச்சு சொல்லுங்க, இந்த ஒரு வரி அவளுக்கு புரிஞ்சா அந்த வொர்க் ஷீட்டே தேவையில்ல.

ரேஷன் கடைக்கு பிள்ளைய கூட்டிட்டுப் போங்க, கார்டு இருந்து நீங்க வாங்காட்டியும் ஒரு தடவையாவது. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், சிலர் மொகம் சுளிப்பாங்க, பரவால்ல. அரிசி, கோதுமை, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில். இல்லாட்டி கஷ்டம்னு ஒரு அரசாங்கம் போட்ட லிஸ்ட் அது, அரிசி 2011லேர்ந்து இலவசம், பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா. அந்தக் கடையில பொம்மை இல்ல, சிப்ஸ் இல்ல, ஏன் இல்லன்னு பிள்ளையே கேக்கும். அங்கதான் சுவாரஸ்யமே, பொங்கலுக்கு அதே கடையில ஒரு முழுக் கரும்பு தர்றாங்க! கரும்பு இல்லாட்டி யாருக்கும் மயக்கம் வராது. ஆனா ஊரே கரும்பு வாங்கற அன்னிக்கு ஒரு வீட்ல மட்டும் இல்லாட்டி அந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? என் பொண்ணு ஏழு வயசுல 'அது ஜாலிதான் ஆனா எல்லாருக்கும் வேணும்'னு சொன்னா. அதுக்கு மேல எனக்கும் தெளிவா சொல்லத் தெரியலைங்க.

இதே மாதிரி இன்னொரு இடம், வெளையாட்டு. ஐநா குழந்தை உரிமை ஒப்பந்தம் 1989ல வந்தது, இந்தியா 1992ல சேந்துச்சு, அதுல 31வது பிரிவே வெளையாட்டும் ஓய்வும் பிள்ளையோட உரிமைன்னு சொல்லுது. அதனால வெளையாட்டு தேவை, அந்த ரிமோட் கார் ஆசை. ரெண்டையும் சேத்துப்போட்டு 'வெளையாட்டு சாமான் எல்லாம் வேஸ்ட்'னு சொல்லிடாதீங்க. அதுக்காக 'நாங்கல்லாம் நுங்கு வண்டி ஓட்டினோம் தெரியுமா'ன்னு லெக்சரும் வேணாம், அது பிள்ளைக்கு சொல்றது இல்ல, நமக்கு நாமே சொல்லிக்கறது.

இப்ப உண்மையிலேயே சிக்கலான இடம். தேவைக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஆசை. தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க, ஸ்கூலுக்கு பாட்டில் கண்டிப்பா வேணும், மறுக்கவே முடியாது. ஆனா பொண்ணு கேக்கறது மூடியத் தொட்டா ஸ்ட்ரா எழுந்து நிக்கற, ஒத்தைக் கொம்பு குதிரை படம் போட்ட பாட்டில். நாம சண்டை போடறது எல்லாமே இந்த மாதிரி விஷயத்துலதான், பை, ஷூ, பென்சில் பாக்ஸ், குடை. 'உனக்குத்தான் பாட்டில் இருக்கே'ன்னு நாம கத்துவோம், 'எனக்கு பாட்டில் வேணும்'னு அது கத்தும், ரெண்டு பேரும் சொல்றது வேற வேற பாட்டில்.

நான் பண்ணது என்னன்னா, தேவைக்கு உண்டான காசு வீட்டுது, மேல உள்ள ஜாலிக்கு உண்டான காசு உன் உண்டியல்து. சாதா பாட்டில் 150, அந்தக் குதிரை பாட்டில் 350ன்னு வச்சுக்குங்க. அஞ்சு வயசுக்கு கழித்தல் எல்லாம் வராது, அதனால பத்து ரூபா நோட்ட தரையில வரிசையா அடுக்கிடுங்க. 15 நோட்டு அம்மா வச்சாச்சு, பாட்டில்ல தண்ணி குடிக்கலாம். இன்னும் 20 நோட்டு வச்சாத்தான் குதிரை வரும். அந்த 20 நோட்டு எவ்வளவு நீளமா போகுதுன்னு பிள்ளை கண்ணால பாக்கணும். உண்டியல ஒடைக்கலாமான்னு கேளுங்க. சில பிள்ளை ஒடைச்சு வாங்கிடும், வாங்கட்டும், அதுல தப்பே இல்ல, அது காசு. சிலது உண்டியலையும் நோட்டு வரிசையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு 'சாதா பாட்டிலே போதும், ஸ்டிக்கர் ஒட்டிக்கறேன்'னு சொல்லும். ரெண்டுமே நல்ல முடிவுதான், முடிவு அது எடுத்ததா இருக்கணும்.

அந்த வயசுல காசோட மதிப்பும் தலைகீழா இருக்கும், ஒரு பத்து ரூபா காயினையும் அஞ்சு ஒரு ரூபா காயினையும் காட்டினா நிறைய பிள்ளை அஞ்சத்தான் எடுக்கும், எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியும். அதனாலதான் ஒரே மதிப்பு நோட்டா அடுக்கச் சொல்றேன்.

இப்ப உள்ள பெரிய தலைவலி காசே கண்ணுல படறது இல்லங்கறது. 2016ல யூபிஐ வந்தப்புறம் பொறந்த பிள்ளைங்க இதுங்க. அம்மா போன காட்டறா, கடையில இருக்கற பொட்டி 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது'ன்னு கத்துது, சாமான் கைக்கு வந்துடுது. பிள்ளைக்கு இதுல காசு எங்க கொறஞ்சுச்சு? 'காசு இல்லன்னா ஸ்கேன் பண்ணும்மா'ன்னு என் தங்கச்சி பையன் சொன்னான், அவன் பாத்த வரைக்கும் அது கரெக்ட்டுதான். பிள்ளை சம்பந்தப்பட்ட செலவ மட்டும் ஒரு ரெண்டு மூணு மாசம் ரொக்கமா வச்சுக்குங்க. ஒரு கவர்ல போட்டு, பால், பழம், பென்சில், ஐஸ்கிரீம் எதுவா இருந்தாலும் அதுலேர்ந்து பிள்ளை கையாலயே எடுத்துக் குடுக்கட்டும். கவர் ஒல்லியாகிட்டே போறத கை உணரும். சொல்லிக்குடுக்கறதுல பாதி இதுலயே முடிஞ்சுடும்.

ஒரு தடவை சமயபுரம் திருவிழாவுக்குப் போனப்ப ரெண்டு பிள்ளைக்கும் ஆளுக்கு 100 ரூபா, பத்து பத்தா குடுத்துட்டேன், இன்னிக்கு உங்க இஷ்டம், மேல கேக்கக்கூடாது. பொண்ணு ஒவ்வொரு கடையா நின்னு நின்னு பாத்தா. பையனுக்கு அப்ப ஆறு வயசு, முதல் கடையிலயே சோப்பு நுரை விடற துப்பாக்கி 80 ரூபா, வாங்கியாச்சு. அடுத்து ராட்டினம். டிக்கெட் 30. கையில 20. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை, கூட்டமே திரும்பிப் பாக்குது. வீட்டுக்காரர் பாக்கெட்ல கை விட்டாரு, நான் கண்ணாலயே வேணாம்னுட்டேன். பெருமையா இதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, நான் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரத்துல எங்க மாமியார் அவன ராட்டினத்துல ஏத்தி எறக்கிட்டாங்க. ஆனாலும் பாருங்க, அடுத்த வருஷம் திருவிழாவுல அவன் முதல்ல கேட்டது 'ராட்டினம் எவ்வளவு?'. அப்பாயி குடுத்த 30 ரூபாயால பாடம் ஒண்ணும் அழிஞ்சு போகல.

காத்திருக்கறதுதான் இதோட இன்னொரு பாதி. ஆசைய இல்லாம பண்ண முடியாது, தள்ளி வைக்கத்தான் கத்துக்குடுக்க முடியும், தேவைய தள்ளி வைக்க முடியாது, அந்த வித்தியாசமே பிள்ளைக்கு இப்படித்தான் ஒறைக்கும். எல்லாரும் அந்த மிட்டாய் ஆராய்ச்சிய சொல்லுவாங்க, 1960கள் கடைசில ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷெல் ஆரம்பிச்சது, ஒரு மிட்டாய் முன்னாடி இருக்கும், தின்னாம காத்திருந்தா ரெண்டு கிடைக்கும், காத்திருந்த பிள்ளைங்க பின்னாடி நல்லா வந்தாங்கன்னு. அதை வச்சு 'என் பிள்ளை காத்திருக்க மாட்டேங்குது, உருப்படாது போல'ன்னு என்கிட்ட வந்து அழுத அம்மாக்கள் உண்டு. 2018ல 900க்கு மேல பிள்ளைங்கள வச்சு திரும்பப் பாத்தாங்க, குடும்ப வசதி, பின்னணி எல்லாத்தையும் கணக்குல எடுத்தப்ப அந்தத் தொடர்பு ரொம்பவே சுருங்கிடுச்சு. அதனால பயப்படாதீங்க.

எனக்கு அதைவிட முக்கியமா படறது 2013ல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல செலஸ்ட் கிட் குழு வெளியிட்டது. சின்ன ஆராய்ச்சிதான், 28 பிள்ளைங்க. மிட்டாய்க்கு முன்னாடி வரையறதுக்கு சாமான் குடுத்து 'கொஞ்சம் இரு, இதவிட நல்லது கொண்டு வர்றேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. பாதிப் பிள்ளைக்கு சொன்னபடியே கொண்டு வந்தாங்க, பாதிப் பிள்ளைக்கு வந்து 'சாரி, இல்லையாம்'னுட்டாங்க. அப்புறம் மிட்டாய் வச்சா, சொன்னபடி கிடைச்ச பிள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்துச்சு, ஏமாந்த பிள்ளைங்க 3 நிமிஷம். நாலு மடங்கு! பிள்ளையோட பொறுமைய மட்டும் அளக்கறோம்னு நாம நெனச்சோம், பெரியவங்க வாக்கையும் சேத்துத்தான் அளந்திருக்கோம்.

இப்ப நம்ம வீட்டு வசனங்கள யோசிச்சுப் பாருங்க. 'அடுத்த வாரம் வாங்கித் தரேன் கண்ணு.' 'அப்பா வரும்போது வாங்கிட்டு வருவாரு.' 'அந்தக் கடை மூடியாச்சு.' அப்புறம் நம்பர் ஒன், 'அம்மாகிட்ட காசு இல்லடா'. இதை சொல்லிட்டு பத்து நிமிஷத்துல பிரியாணி பார்சல் வாங்கறோம். பிள்ளைக்கு என்ன தோணும்? காசு இல்லங்கறது பொய், இல்லாட்டி பிரியாணி தேவை என் பொம்மை தேவையில்ல. காசு நிஜமா இல்லாத மாசம் இருந்தா தாராளமா இல்லன்னு சொல்லுங்க, பிள்ளைங்க நாம நெனைக்கறத விட நல்லாவே தாங்கும். காசு இருக்கு ஆனா வாங்க மாட்டேன்னா அதையே சொல்லுங்க, 'காசு இருக்கு, இது வேற வேலைக்கு எடுத்து வச்சது'. அழும். அழட்டும், ஆனா நம்பும்.

தள்ளி வைக்கறதுக்கு நம்ம வீட்ல அருமையான சாமான் ஒண்ணு சுவத்துல தொங்குது, தினசரி காலண்டர். பிள்ளை ஏதாவது கேட்டா 'வேணாம்'னு சொல்லாம 'காலண்டர்ல போடலாம்'னு சொல்லுங்க. பத்து தாள் தள்ளி, அந்தத் தாள் பின்பக்கம் பிள்ளையே அந்தப் பொருள வரையட்டும். தெனமும் காலைல தாள் கிழிக்கற வேலை பிள்ளையோடது. அந்தத் தாள் வர்ற அன்னிக்கு படத்தப் பாத்து இன்னும் ஆசையா இருக்கான்னு கேளுங்க. எங்க வீட்ல நிறைய தடவை 'இது என்னம்மா?'ன்னு படத்தப் பாத்து அதுவே கேட்டிருக்கு, வரைஞ்சது நீதாண்டி! ஆனா சில தடவை ஞாபகம் வச்சு கேக்கும். அப்ப ஏதாவது சாக்கு சொல்லி நழுவினீங்கன்னா கதை முடிஞ்சுது, அடுத்த தடவை காலண்டர்னா அது ஏமாத்து வேலைன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சுடும். அதனால உங்களால முடியாத பொருள காலண்டர்ல ஏத்தவே ஏத்தாதீங்க.

மூணு வயசுக்கு பத்து நாள் எல்லாம் ஒரு யுகம். அவனுக்கு நாளைக்குங்கறதே பெருசு, அவன்கிட்ட தேவை ஆசை பேசி பிரயோஜனம் இல்ல, ரெண்டுல ஒண்ணு எடுக்கப் பழக்கினா போதும். ஆப்பிளா வாழைப்பழமா, சிவப்பு சட்டையா நீல சட்டையா, ஒண்ண எடுத்தா இன்னொண்ணு போயிடும்ங்கறது மட்டும் பதியட்டும். ஊருக்குப் போகும்போது ஒரு சின்னப் பைய குடுத்து அவனையே அடுக்க விடுங்க. எட்டு காரும் ஒரு யானையும் வைப்பான், ஜிப் மூடாது, ஜட்டி எங்கடான்னா முழிப்பான். நாம ஆயிரம் வார்த்தை பேசறத அந்த மூடாத ஜிப் சொல்லிடும். ஒரு பொம்மை இல்லாட்டி ராத்திரி தூக்கமே வராதுன்னா அந்த பொம்மை அவனுக்கு இல்லாட்டி கஷ்டம் லிஸ்ட்லதான், அதை புடுங்காதீங்க.

கடையில உருளும்போது பாடம் எடுக்காதீங்க, அந்த நேரம் காது அடைச்சிருக்கும். 'அழகாத்தான் இருக்கு, ஆசையா இருக்குல்ல'ன்னு ஒரே ஒரு வரி, அப்புறம் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க. சுத்தி நிக்கறவங்க பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். போறதுக்கு முன்னாடி வயிறு ரொம்பியிருக்கணும், பில் போடற இடத்துல சாக்லேட்ட சரியா பிள்ளை கண்ணு உயரத்துல வச்சிருக்கறது தற்செயல் இல்ல. பொண்ணுக்கு படம் வரைஞ்ச லிஸ்ட் ஒண்ணு குடுங்க, தக்காளி, சோப்பு, பால், அவ தேடி எடுத்து டிக் போடட்டும், கடைசில ஒரு காலி கட்டம், அது அவ இஷ்டம், 20 ரூபாக்குள்ள. அந்த காலி கட்டம் இருக்கறதால மத்த நேரம் கேக்கறது நிஜமாவே கொறையும்.

விளம்பரம் பத்தியும் சொல்லணும். ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு விளம்பரம் நம்மள வாங்க வைக்கறதுக்குத்தான் எடுத்திருக்காங்கங்கறது சரியா பிடிபடாது, அது அவங்களுக்கு இன்னொரு குட்டிக் கதை. இதனாலதான் ஸ்வீடன்ல 1991லேர்ந்து 12 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள குறிவச்சு டிவி விளம்பரம் போடக்கூடாது, கனடாவோட கியூபெக்ல 1980லேர்ந்து 13 வயசுக்கு கீழ. நம்ம ஊர்லயும் 2022ல விதிமுறை கொண்டு வந்தாங்க, ஆனா இப்ப டிவிய விட மோசம் பொம்மை பிரிச்சுக் காட்டற வீடியோதான், அதுல விளம்பரம் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு எனக்கே தெரியல. கூட உக்காந்து பாருங்க, 'இந்த பொம்மைய இந்த அண்ணாவுக்கு யாரு குடுத்தாங்க? ஏன் குடுத்தாங்க?'ன்னு ரெண்டே கேள்வி. ஆறு வயசுப் பிள்ளை 'நாம வாங்கணும்னு'ன்னு கண்டுபிடிச்சு சொல்லும்போது அது மொகத்துல ஒரு போலீஸ்காரன் களை வரும் பாருங்க.

பிள்ளைங்க முன்னாடி உங்க ஆசையயும் ஆசைன்னே சொல்லுங்க. வாரத்துக்கு மூணு பார்சல் வீட்டு வாசல்ல வருது, பிள்ளை பாக்குது. 'இந்தப் புடவை அம்மாவுக்கு இல்லாட்டி கஷ்டம் இல்ல, இருந்தா ஜாலி, அதான் ரெண்டு மாசமா காசு சேத்து வாங்கினேன்'னு சொல்லலாம்ல. ஒரு அட்சய திருதியை மறுநாள் ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டுச்சு, 'மிஸ், தங்கம் இல்லாட்டி என்ன ஆகும்?' நான் ஏதோ சமாளிச்சேன்.

ஒரு எச்சரிக்கை, இது வேற மிஸ்ஸுங்க யாராவது படிச்சா அவங்களுக்கும். கிளாஸ்ல ஒரு நாள் 'இல்லாட்டி கஷ்டம்னு உங்க வீட்ல உள்ள ஒண்ணு சொல்லுங்க'ன்னு கேட்டேன். சோறு, பேன், பால், அம்மான்னு வந்துட்டே இருந்துச்சு. கடைசி பெஞ்சுல ஒரு பாப்பா எழுந்து 'கதவு மிஸ்'னு சொல்லிச்சு. பசங்க சிரிச்சாங்க. அன்னிக்கு சாயங்காலம் அவங்க அம்மாகிட்ட பேசினப்பதான் தெரிஞ்சுது, மழையில கதவு உளுத்துப் போய் மூணு மாசமா சேலைதான் கட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் நான் 'உங்க வீட்ல என்ன இருக்கு'ன்னு கேக்கற மாதிரி எந்தப் பயிற்சியும் வச்சதே இல்ல, கதைல வர்ற முயலுக்கு என்ன வேணும், காட்டுல வழி தவறின யானைக்கு என்ன வேணும்னுதான் கேப்பேன். எல்லாப் பிள்ளையும் பேசும், யாரும் தன் வீட்டக் காட்ட வேண்டியதில்ல.

தாத்தா விஷயம். அவரோட சண்டை போடாதீங்க, அவருக்கு அந்த வாங்கித் தர்றது தேவை, நெஜமாத்தான் சொல்றேன், பேத்தி ஓடி வந்து கட்டிக்கறதுக்கு அவருக்குத் தெரிஞ்ச வழி அது. பதிலா அவருக்கு ஒரு வேலை குடுங்க. 'மாமா, அவ காலண்டர்ல வரைஞ்சு வச்சிருக்கா, அந்தத் தாள் வர்ற அன்னிக்கு நீங்கதான் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்'னு சொல்லிப் பாருங்க. எங்க மாமியார்கிட்ட இதை கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா ராட்டினக் கதை நடந்திருக்காது. தெனமும் பத்து ரூபா குடுக்கறவரா இருந்தா அஞ்சு ரூபா உண்டியலுக்கு அஞ்சு ரூபா கைக்குன்னு அவரையே பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, காயினா.

அந்த வொர்க் ஷீட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. பொண்ணயே அந்தப் பெருக்கல் குறி பக்கத்துல ரெண்டு படம் வரையச் சொல்லுங்க, போன் வச்சிருக்கற அம்மா ஒண்ணு, போன் வச்சிருக்கற அவ ஒண்ணு. எது இல்லாட்டி கஷ்டம் எது இருந்தா ஜாலின்னு கீழ நீங்க எழுதி மிஸ்ஸுக்கே திருப்பி அனுப்புங்க. நான் அந்த மிஸ்ஸா இருந்திருந்தா கிளாஸ் சுவத்துல ஒட்டியிருப்பேன்.